டைமர் 9 மணி நேரம் காட்டுகிறது, மாடல் டெஸ்ட் 121-ஐத் தாண்டவில்லை

கரிசல்மண் · ஞாயிறு, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மில் வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு வருஷம் கெடு கொடுத்திருக்கிறார்கள், அதில் பாதி கரையப் போகிறது.

கவனம் சிதறும் ஆள் நான் என்பது எனக்கே தெரியும். அதனால் ஆரம்பத்திலேயே போனில் கிடைத்த எல்லா ஆயுதத்தையும் இறக்கிவிட்டேன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று மணியடிக்கும் பொமொடோரோ டைமர் ஒன்று. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கூட்டிச் சொல்லும் ஆப் ஒன்று. இன்ஸ்டாவுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று பூட்டு. பாடவாரியாகக் கலர் அடித்த டைம்டேபிள். நேற்றைய கணக்கு 9 மணி 10 நிமிடம். இந்த மாதம் 8 மணிக்குக் கீழே போனது இரண்டே நாள், அதில் ஒன்று சித்தப்பா மகள் கல்யாணம்.

ஆனால் இன்றைக்கு மாடல் டெஸ்ட் எழுதினால் 200-க்கு 121. போன வாரம் 124. அதற்கு முந்தைய வாரம் 119. வண்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஊர் நகரவில்லை. இதைவிட நல்ல ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். காசு கட்டுவது என்றாலும் பரவாயில்லை.

மிளகாய்பஜ்ஜி · ஞாயிறு, இரவு 11:05

டைம்டேபிளுக்குக் கலர் அடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு நண்பா?

கரிசல்மண் · ஞாயிறு, இரவு 11:07

ஒன்றரை மணி நேரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதும் டைமர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மரக்கன்று · ஞாயிறு, இரவு 11:21

ஃபாரஸ்ட் ஆப் போட்டுப் பாருங்கள். படிக்க உட்காரும்போது ஒரு விதை நடுவோம். நடுவில் வேறு ஆப்புக்குத் தாவினால் மரம் பட்டுப்போகும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் நாங்கள் ஹாஸ்டல் தோழிகள் நான்கு பேர் சேர்ந்தே நடுகிறோம், அதில் ஒருத்தி போனை நோண்டினாலும் எல்லோருடைய மரமும் போய்விடும். தனியாக இருந்தபோது மரமாவது மண்ணாவது என்று மூடிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது மற்ற மூன்று பேர் திட்டுவார்களே என்ற பயம் இருக்கிறது.

நாலாவது_அட்டெம்ப்ட் · திங்கள், காலை 6:40

மூன்று முறை கோட்டை விட்டு நான்காவது முறையில் இளநிலை உதவியாளர் ஆனவன் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். ஆப் பெயரெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நேற்று முன்தினம் ஒரு 25 நிமிடம் எப்படிப் போனது என்று வரிசையாக எழுதுங்கள் தம்பி. என்ன புத்தகம், கையில் என்ன இருந்தது, கடைசியில் என்ன செய்தீர்கள், எல்லாம்.

கரிசல்மண் · திங்கள், காலை 7:15

சரிண்ணா. பதினெண்கீழ்க்கணக்கு படித்தேன். சமச்சீர் புத்தகத்தை பிடிஎஃப்-ஆக போனிலேயே வைத்திருக்கிறேன். மருந்துப் பெயர் கொண்ட மூன்று நூல்கள்: திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. இரண்டு தடவை வாசித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசினேன். டெலிகிராமில் ஒரு குழுவில் இதற்கே ஒரு நோட்ஸ் வந்திருந்தது, அதையும் வாசித்தேன். மணி அடித்தது. புரிந்துவிட்டது என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

நாலாவது_அட்டெம்ப்ட் · திங்கள், காலை 7:18

எதையும் திறக்காமல் இப்போதே பதில் எழுதுங்கள். ஏலாதியில் வரும் ஆறு மருந்துப் பொருள்கள் என்ன? ஆசிரியர் யார்?

கரிசல்மண் · திங்கள், காலை 7:26

ஏலம், சுக்கு, மிளகு, திப்பிலி... இலவங்கமும் உண்டு என்று நினைக்கிறேன். ஆறாவது வரவில்லை. ஆசிரியர் காரியாசான்?

நாலாவது_அட்டெம்ப்ட் · திங்கள், இரவு 9:30

காரியாசான் எழுதியது சிறுபஞ்சமூலம். ஏலாதி கணிமேதாவியார். ஆறாவது பொருள் சிறுநாவற்பூ. தேர்வில் நான்கு விடைகளில் இந்த இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள், நீங்கள் அன்றைக்கும் காரியாசானையே கருப்பாக்கிவிட்டு வருவீர்கள். மஞ்சள் பூசியது வீணாகப் போனதா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

இதை நான் குறை சொல்லவில்லை. மூன்று அட்டெம்ப்ட் நானும் இதைத்தான் செய்தேன். திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிவிடும். பழகியதைத் தெரிந்தது என்று மனசு எண்ணிக்கொள்ளும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். உங்கள் 9 மணி 10 நிமிடமும் அந்த நம்பிக்கைதான்.

அதனால் டைமரைத் தூக்கி எறிய வேண்டாம். அதே 25 நிமிடத்தை உடையுங்கள். 15 நிமிடம் வாசிப்பு. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு 10 நிமிடம் வெள்ளைத்தாளில் எழுதுவது. முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வரும். தாளில் நான்கு வரிக்கு மேல் இருக்காது.

கரிசல்மண் · திங்கள், இரவு 9:48

அண்ணா, காலையிலிருந்து அந்தக் காரியாசான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறார். நாளை முதல் செய்கிறேன். ஆனால் பிடிஎஃப் போனில்தான் இருக்கிறது. பாடத்தைத் திறக்கப் போய் ரீல்ஸில் போய் நிற்கிறேன். அதற்கு என்ன வழி?

இரண்டு_விசில் · செவ்வாய், பகல் 12:10

நான் சொல்கிறேன் தம்பி. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்குப் படிக்க உட்காருவேன். சாப்பாட்டு வேலைக்கு முன் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் எனக்குக் கிடைப்பது. என் போன் இருக்கும் இடம் அரிசி டப்பா. எவர்சில்வர் டப்பா, மூடி இறுக்கம். திறக்க வேண்டுமென்றால் மடியில் வைத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். இழுத்தால் 'டங்' என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து மாமியார், "என்னம்மா, இன்னும் உலை வைக்கலையா?" என்பார். இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் டப்பா பக்கம் போவதில்லை. எந்த ஆப்பிலும் மாமியார் வசதி கிடையாது.

புத்தகத்துக்கு வழி கேட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பழைய புத்தகங்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டேன். கிடைக்காத பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். நேரம் பார்க்க ஒரு பழைய அலாரம் கடிகாரம்.

பொட்டிதட்டி · செவ்வாய், இரவு 8:02

அரிசி டப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் எல்லோராலும் போனை விட்டுப் பிரிந்து இருக்க முடியாது. வகுப்பே யூடியூபில்தான் நடக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான்கு விஷயம் சொல்கிறேன்.

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிடுங்கள். முகப்புப் பக்கத்தில் பரிந்துரை வீடியோக்கள் வருவது நின்றுவிடும். திறந்தால் வெறும் பக்கம். என்ன பாடம் வேண்டுமோ அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் பத்து டைமருக்குச் சமம் என்பேன்.

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஆனால் அதில் நீங்கள் போட்ட பூட்டை நீங்களே இரண்டு தட்டலில் எடுத்துவிடலாம். கரிசல்மண் நண்பரின் இன்ஸ்டா பூட்டு எத்தனை முறை திறந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குக் கடவுச்சொல் போடலாம், அதை அக்காவோ தம்பியோ போட்டு, உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டாவது பயனர் கணக்கு ஒன்று உருவாக்க முடியும். அதில் பிடிஎஃப் படிக்கும் ஆப்பும் டிக்ஷனரியும் மட்டும் போடுங்கள். படிக்கும்போது அந்தக் கணக்கில் இருங்கள். இன்ஸ்டாவுக்குப் போக வேண்டுமென்றால் கணக்கு மாற வேண்டும். அந்த நாலைந்து நொடியில் 'எதற்குப் போகிறோம்' என்ற கேள்வி வந்துவிடும்.

கடைசியாக டெலிகிராம். எத்தனை குழுவில் இருக்கிறீர்கள்? என் தம்பி 34 குழுவில் இருந்தான். எல்லாவற்றிலும் அதே நோட்ஸ்தான் வேறு வேறு சேனல் பெயரோடு சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து வெளியே வரச் சொன்னேன். சொந்தபந்தத்தை விட்டுப் பிரிவது போல அழுதான்.

மிளகாய்பஜ்ஜி · செவ்வாய், இரவு 8:20

போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தாலே மூளை மந்தமாகும் என்று எங்கேயோ படித்தேனே, நிஜமா?

பொட்டிதட்டி · செவ்வாய், இரவு 8:41

2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆய்வு வந்தது. போனை வேறு அறையில் விட்டுவந்தவர்கள், மேஜையில் வைத்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை. மூளை கதையை விடுங்கள். போன் அடுத்த அறையில் இருந்தால் எடுக்க எழுந்து நடக்க வேண்டும். எனக்கு அந்தச் சோம்பேறித்தனம் போதும்.

கல்லாப்பெட்டி · புதன், இரவு 11:34

எல்லோரும் 9 மணி நேரம், 2 மணி நேரம் என்று பேசுகிறீர்கள். நான் ஒரு துணிக்கடையில் விற்பனையில் இருக்கிறேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே வேலை. உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முதலில் கோபமாக இருந்தது, இப்போது அதுதான் எனக்கு ஃபோகஸ் மோடு.

நான் அட்டையில் படிக்கிறேன். புதுச் சட்டைக்குள் வருமே, அந்த அட்டையைக் கத்தரித்துக்கொள்வேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சட்டைப்பையில் இருபது அட்டை இருக்கும். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் ஒவ்வொன்றாக எடுப்பேன். வீட்டில் மூன்று இனிப்புப் பெட்டி. பதில் சரியாக வந்தால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பானால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பி வரும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. இதை லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-லேயே எழுதிவைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஐந்து அறை சொல்கிறார். என்னிடம் மூன்று பெட்டிதான் காலியாக இருந்தது.

போனில் செய்வதென்றால் ஆன்கி என்று ஓர் அட்டை ஆப் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. எந்த அட்டையை எப்போது காட்ட வேண்டும் என்ற கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். பஸ்ஸில் வரும் நாற்பது நிமிடம் எனக்கு அதுதான். இன்டர்நெட் இல்லாமலே ஓடும் என்பதால் டேட்டாவை அணைத்துவிட்டு உட்காருவேன்.

அட்டை எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஏலாதி, முழு விவரம்' என்று எழுதினால் அது அட்டை இல்லை, மளிகைச் சீட்டு. ஒரு கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும். 'ஏலாதி ஆசிரியர்?' ஒரு அட்டை. 'ஏலாதியின் ஆறில் திரிகடுகத்து மூன்று போக மீதி?' இன்னொரு அட்டை. சுக்கு, மிளகு, திப்பிலி திரிகடுகத்திலேயே வந்துவிட்டதே, அதனால் ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ என்று மூன்றை மட்டும் பிடித்தால் போதும். இதே மாதிரி '6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை, அரசியலமைப்பில் எந்தப் பிரிவு?' என்று ஒன்று (21ஏ). 'அதைச் சேர்த்த திருத்தம்?' என்று ஒன்று (86, ஆண்டு 2002). இரண்டையும் ஒரே அட்டையில் போட்டால் ஒன்று தெரிந்து ஒன்று தெரியாதபோது எந்தப் பெட்டியில் போடுவது என்று முழிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அடுத்தவர் செய்த ஐயாயிரம் அட்டையை இறக்காதீர்கள். நான் இறக்கினேன். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் தொடவில்லை. திரும்ப வந்து பார்த்தால் 1,300 அட்டை வரிசையில் நிற்கிறது. ஆடித் தள்ளுபடிக் கூட்டமே தேவலாம் என்று மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மரக்கன்று · வியாழன், காலை 7:02

சட்டை அட்டை அருமை. எனக்கு ஒரு சந்தேகம். 25 நிமிடம் எனக்குக் குறைச்சலாகத் தெரிகிறது. கணக்கு போட ஆரம்பித்துச் சூடு பிடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது.

நாலாவது_அட்டெம்ப்ட் · வியாழன், இரவு 9:55

25 என்பது சட்டம் இல்லை. பொமொடோரோவைக் கொண்டுவந்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் கல்லூரி மாணவர். சமையலறையில் தக்காளி வடிவத்தில் ஒரு டைமர் இருந்தது, அதை வைத்து ஆரம்பித்தார். பொமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. அவருக்கு 25 பொருந்தியது. உட்காரவே மனசு வராதவர்களுக்கு 25 நல்லது. சூடு பிடித்தவர்கள் 50 வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. தேர்வு அறையில் ஐந்து நிமிட இடைவேளை கிடையாது. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டரை வரை ஒரே மூச்சு. 180 நிமிடத்தில் 200 கேள்வி, ஒரு கேள்விக்கு 54 நொடி. அதிலும் ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டத்தைக் கருப்புப் பேனாவால் நிரப்ப ஐந்து நொடி என்று வைத்தாலே 200 வட்டத்துக்குப் பதினாறு பதினேழு நிமிடம் போய்விடும். என் இரண்டாவது அட்டெம்ப்டில் பதினொன்றே காலுக்கெல்லாம் என் தலை நின்றுவிட்டது. திறனறிப் பகுதியின் 25 கேள்வியையும் கடைசிக்கு வைத்திருந்தேன். எளிய தனிவட்டிக் கணக்கு ஒன்றை மூன்று முறை வாசித்தேன், எழுத்துகள் தெரிந்தன, கணக்கு தெரியவில்லை. வருஷம் முழுக்க 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து டீ குடித்தவனுக்கு வேறென்ன ஆகும்?

அடுத்த முறை தேர்வுக்கு முந்தைய எட்டு ஞாயிறும் சரியாக ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். ஓஎம்ஆர் தாள் ஜெராக்ஸ், கருப்புப் பேனா. எழுந்திருப்பதில்லை, தண்ணீர் மட்டும். வீட்டில் முடியவில்லை என்றால் நூலகம் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. மதுரைப் பக்கம் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சுற்றிலும் நூறு பேர் தலை குனிந்து படிக்கும்போது போனை எடுக்கக் கூச்சமாக இருக்கும். இரண்டு_விசில் சகோதரி சொன்ன மாமியார் வசதி அங்கே மொத்த வியாபாரமாகக் கிடைக்கும்.

கரிசல்மண் தம்பிக்கு இன்னொன்று. மாடல் டெஸ்ட் எழுதும்போது, ஊகித்துக் குறித்த கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். திருத்தும்போது, சரியான விடையில் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். 121 என்பது 121 இல்லை என்று அப்போது தெரியும்.

கரிசல்மண் · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். யாராவது என்னைப் போலத் தேடிக்கொண்டு வந்தால் உதவுமே என்றுதான்.

முதல் வாரம் அண்ணா சொன்னபடி ஊகத்துக்குப் புள்ளி வைத்து எழுதினேன். 122 வந்தது. அதில் 31 விடை புள்ளியோடு. அதாவது எனக்கு நிஜமாகத் தெரிந்தது 91. அன்றைக்கு இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

மொத்த மணி நேரம் கூட்டும் ஆப்பை நீக்கிவிட்டேன். அதை நீக்கத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. 140 நாள் தொடர்ச்சி அதில் இருந்தது. பொமொடோரோ டைமர் போனில் வேண்டாம் என்று 180 ரூபாய்க்கு ஒரு சமையலறை டைமர் வாங்கினேன், டிக் டிக் என்று சத்தம் போடும். புத்தகங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பையனிடம் கிடைத்தன. போன் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை அம்மாவின் தையல் மிஷின் டிராயரில். அம்மா பூட்டுவதில்லை. ஆனால் எடுக்கப் போனால் தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வெள்ளைத்தாள் முறை முதல் பத்து நாள் கொடுமை. 'சங்க காலம்' என்று தலைப்புப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பாடத்துக்கு முக்கால் பக்கம் வருகிறது. எழுத வராததை மட்டும் அட்டையாக்குகிறேன். 260 அட்டை சேர்ந்திருக்கிறது, எல்லாம் சொந்தக் கையெழுத்து.

இன்றைக்கு 138. புள்ளி 22. டைமரோடு படிப்பது ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம்தான் வருகிறது, அதற்கு மேல் தலை தாங்கவில்லை. "முன்ன ஒன்பது மணி நேரம் படிப்பே, இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்று அப்பா கேட்கிறார். அவருக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

இன்ஸ்டாவைப் பற்றிப் பொட்டிதட்டி கேட்காமலே விட்டதற்கு நன்றி. இரவு பத்துக்கு மேல் இன்னமும் பார்க்கிறேன். அது அப்படியே இருக்கிறது.

திறனறிப் பகுதி மட்டும் 25-க்கு 12-ஐத் தாண்ட மறுக்கிறது. அட்டையில் கணக்கு எப்படி எழுதுவது?

இரண்டு_விசில் · ஞாயிறு, மாலை 5:12

அட்டையில் கணக்கு எழுத முடியாது தம்பி, போட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாளில் ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு. தப்பானதை மறுநாள் விடையைப் பார்க்காமல் திரும்பப் போடுங்கள்.

நாலாவது_அட்டெம்ப்ட் · ஞாயிறு, இரவு 9:40

திறனறிக்குத் தனி இழை ஆரம்பியுங்கள். எந்தெந்தக் கணக்கில் விழுகிறது என்று ஐந்து தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், சும்மா 'கணக்கு வரவில்லை' என்று எழுதாதீர்கள்.

கல்லாப்பெட்டி · ஞாயிறு, இரவு 11:50

ஆரம்பித்ததும் இங்கே சுட்டியைப் போடுங்கள் நண்பா. எனக்கும் 25-ல் 11தான்.